ஒரே பாஸ்போர்ட், ஏழெட்டு நாள்கணக்கு

மகனைப் பார்க்க அமெரிக்கா போய் வந்தவர்களிடம் "விசா எத்தனை வருஷத்துக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். "பத்து வருஷம்" என்று பதில் வரும். சொல்லும்போதே முகம் மலர்ந்திருக்கும். அந்தப் பத்து வருஷ விசா அமெரிக்காவில் ஒரு நாள் தங்கக்கூட உத்தரவாதம் தருவதில்லை என்றால் நம்பமாட்டார்கள். ஆனால் அதுதான் உண்மை. விசாவில் அச்சாகியிருக்கும் தேதி தங்குவதற்கான கெடு அல்ல. வாசலுக்கு வந்து நிற்பதற்கான கெடு.

ஐதராபாத்தின் மௌலா அலியில் இதை விளக்குவது சுலபம். உச்சியில் தர்கா உள்ள பெரிய பாறைக்குன்று, டீசல் லோகோ ஷெட், ரயில்வே மண்டலப் பயிற்சி நிலையம், ரயில்வே குடியிருப்புகள், கொஞ்சம் தள்ளி இ.சி.ஐ.எல். தொழிற்சாலை என்று வளர்ந்த ஊர் இது. வேலைக்கு வந்து, இங்கேயே வீடு கட்டி, பென்ஷன் வாங்கும் குடும்பங்கள் நிறைய. செகந்திராபாத் பக்கம் தலைமுறைகளாக வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களும் அதில் உண்டு. அப்படி ஒரு தம்பதியைக் கற்பனை செய்துகொள்வோம். அவருக்கு 71, அந்த அம்மாவுக்கு 66. மகன் டல்லஸில், மகள் டொரன்டோவில். அவர் வாழ்நாளெல்லாம் சிக்னல் பார்த்தே ரயில் ஓட்டியவர். அவுட்டர் சிக்னல் வரை வரலாம் என்பது ஒரு அனுமதி, பிளாட்பாரத்துக்குள் நுழையலாம் என்பது வேறொரு அனுமதி என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நானக்ராம்குடாவில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகம் கொடுக்கும் விசா, அவுட்டர் வரைக்கும்தான். உள்ளே விடும் சிக்னல் டல்லஸ் விமான நிலையத்தில் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அதிகாரியின் கையில்.

இதிலிருந்து ஒரு வேடிக்கையான விளைவு பிறக்கிறது. விசா நாளையோடு முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று போய் இறங்கினாலும் அதிகாரி வழக்கமான ஆறு மாதத்தைக் கொடுக்கலாம். மறுநாள் விசா செத்துவிடும். தங்குவது சட்டப்படியே தொடரும். இதற்குத் தலைகீழும் உண்டு. விசாவில் ஒன்பது வருஷம் பாக்கி இருக்கலாம். அதிகாரி கொடுத்த தேதிக்கு மேல் ஒரே ஒரு நாள் தங்கினால், அமெரிக்கக் குடியேற்றச் சட்டப்படி அந்த விசா அப்போதே செல்லாமல் போகிறது. ஒன்பது வருஷம் ஒரு நாளில் கரைந்துவிடும்.

அதிகாரி கொடுக்கும் அந்தத் தேதிக்கு ஐ-94 என்று பெயர். முன்பெல்லாம் பாஸ்போர்ட்டுக்குள் ஒரு வெள்ளைச் சீட்டாகப் பின் அடித்துத் தருவார்கள். விமானத்தில் வருபவர்களுக்கு 2013-இல் அந்தச் சீட்டு மறைந்து, கணினியில் ஒரு பதிவாக மாறிவிட்டது. கையில் எதுவும் இருக்காது. இணையத்தில் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்து நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். இறங்கிய இரண்டொரு நாளில் அதைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. பெயரிலோ தேதியிலோ எழுத்துப்பிழை இருந்தால் அப்போது திருத்துவது எளிது.

அமெரிக்காவை விட்டுக் கிளம்பும்போது இன்னொரு விந்தை. நம் விமான நிலையங்களில் இருப்பதுபோல் வெளியேறும் குடியேற்றக் கவுன்ட்டர் அங்கே கிடையாது. முத்திரை குத்த ஆளில்லை. அப்படியானால் நீங்கள் போய்விட்டீர்கள் என்று அந்த நாட்டுக்கு எப்படித் தெரியும்? விமானம் கிளம்புமுன் விமான நிறுவனம் அனுப்பும் பயணிகள் பட்டியல்தான் சாட்சி. உங்கள் இருக்கை நிரம்பியது, அதனால் நீங்கள் வெளியேறினீர்கள். சமீப காலமாக விமானத்தில் ஏறும் வாசலிலேயே கேமரா முகத்தைப் பிடித்து, பாஸ்போர்ட் படத்தோடு ஒப்பிடுகிறது. 79 வயது தாண்டியவர்களுக்கு இதிலிருந்து விலக்கு இருந்தது. 2025 டிசம்பர் 26-இல் நடைமுறைக்கு வந்த விதி அந்த விலக்கையும் எடுத்துவிட்டது.

வயதானவர்களுக்கான சலுகைகள் அந்த ஆண்டில் வரிசையாக உதிர்ந்தன. 79 வயதுக்கு மேற்பட்டவர்கள் நேர்காணல் இல்லாமல் விசா வாங்கும் வசதி 2025 செப்டம்பர் 2-இல் நின்றது. பழைய பி-2 சுற்றுலா விசாவைப் புதுப்பிப்பவர்களுக்கு மட்டும் ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. விசா முடிந்து 12 மாதத்துக்குள் விண்ணப்பித்தால் நேர்காணல் தேவைப்படாமல் போகலாம். அதற்கு முன் அந்த ஜன்னல் 48 மாதம் திறந்திருந்தது. "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று பழைய விசாவை பீரோவில் வைத்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

ஐதராபாத்தில் அமெரிக்க விசா வாங்கும் ஏற்பாடே புதிது. 2008-இல்தான் பேகம்பேட்டின் பைகா அரண்மனையில் அமெரிக்கத் துணைத் தூதரகம் தொடங்கியது. அதற்கு முன் அமெரிக்க விசாவுக்கு வெளியூர் ஓட வேண்டும். 2023 மார்ச்சில் 34 கோடி டாலர் செலவில் கட்டிய நானக்ராம்குடா வளாகத்துக்கு அது மாறியது. அதே மாதத்தில் விசாவுக்குக் கைரேகை எடுக்கும் மையம் ஹைடெக் சிட்டி மெட்ரோ ரயில் நிலையத்தின் கீழ்த்தளத்துக்குப் போனது. அங்கே பெரியவர்களின் கைவிரல்கள் கொடுக்கும் தொந்தரவு தனி. வயதாக ஆகத் தோல் தளர்கிறது, வறள்கிறது, ரேகைகளின் மேடு தேய்கிறது. முப்பது வருஷம் ஸ்பேனரும் கிரீஸும் பிடித்த கையாக இருந்தால் கேட்கவே வேண்டாம். கண்ணாடித் தட்டில் விரலை அழுத்த அழுத்த, மேடும் பள்ளமும் ஒன்றாகித் தெரியாமல் போகிறது. லேசாக ஈரப்படுத்தி, மெதுவாக வைத்தால்தான் ரேகை விழும்.

இப்போது திரும்ப நுழையும் கதைக்கு வருவோம். டல்லஸில் இருக்கும் நம் தம்பதி டொரன்டோ போய் மகளோடு மூன்று வாரம் இருந்துவிட்டு மறுபடி அமெரிக்காவுக்குள் வருகிறார்கள். இதற்கிடையில் அமெரிக்க விசா காலாவதியாகிவிட்டது. வரமுடியாதென்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் வரலாம். கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ மட்டும் போய் 30 நாளுக்குள் திரும்பினால், ஐ-94 தேதி உயிரோடு இருந்தால், வெளியே இருந்தபோது புது விசாவுக்கு விண்ணப்பிக்காமல் இருந்தால், செத்த விசா மீண்டும் செல்லுபடியானதாகக் கருதப்படும். தானியங்கி மறுமதிப்பு என்று இதைச் சொல்லலாம். விதிப் புத்தகத்தின் மூலையில் ஒளிந்திருக்கும் இந்தக் கருணையை விமான நிறுவன ஊழியர்களிலேயே பலர் அறிந்திருப்பதில்லை. ஆனால் கருணை அவ்வளவுதான். கனடா போய்வந்ததால் புதிதாக ஆறு மாதம் பிறக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பழைய கணக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

இந்தியா திரும்பி எத்தனை நாள் கழித்து மறுபடி போகலாம்? இதற்குச் சட்டத்தில் எண்ணே இல்லை. "அங்கே ஆறு மாசம் இருந்தா இங்கேயும் ஆறு மாசம் இருக்கணும்" என்பது வாய்வழிச் சட்டம், எந்தப் பிரிவிலும் எழுதப்படாதது. ஆனாலும் அதில் ஒரு விவேகம் இருக்கிறது. வருகிற ஒவ்வொருவரும் குடியேற வருபவர் என்றே அமெரிக்கச் சட்டம் முதலில் ஊகிக்கிறது. அப்படி இல்லையென்று நிரூபிப்பது வருகிறவர் பொறுப்பு. வருஷத்தில் பத்து மாதம் டல்லஸிலேயே இருப்பவர் "சும்மா பார்க்க வந்தேன்" என்றால் அதிகாரி நிமிர்ந்து பார்ப்பார். மௌலா அலியில் சொந்த வீடு, மாதாமாதம் பென்ஷன், ரயில்வே மருத்துவ அட்டை எல்லாம் அப்போது சாட்சி சொல்ல வருகின்றன. கெடு தாண்டித் தங்கியவர்களுக்கு மட்டும் சட்டம் எண்களைத் துல்லியமாகவே வைத்திருக்கிறது. 180 நாளுக்கு மேல் சட்டவிரோதமாகத் தங்கிவிட்டுக் கிளம்பினால் 3 ஆண்டு உள்ளே வரத் தடை. ஓராண்டோ அதற்கு மேலோ என்றால் 10 ஆண்டு. 1996-ஆம் ஆண்டுச் சட்டம் அது.

கிரீன் கார்டு வாங்கிக் கொடுத்துவிட்டால் இந்தத் தலைவலி தீருமே என்று குடியுரிமை பெற்ற பிள்ளைகள் நினைக்கிறார்கள். தலைவலி இடம் மாறும், அவ்வளவுதான். கிரீன் கார்டு என்பது அங்கே வசிப்பவருக்கான அட்டை, வந்துபோகிறவருக்கானதல்ல. 180 நாளுக்கு மேல் வெளியே இருந்துவிட்டு வந்தால், புதிதாக அனுமதி கேட்பவராக உங்களை நடத்தலாம். ஓராண்டுக்கு மேல் போனால் அட்டை மட்டும் காட்டி நுழைய முடியாது. குளிர்காலத்தை ஐதராபாத்தில் கழிக்க வந்து, பேத்தி கல்யாணம், கண் ஆபரேஷன் என்று தங்கிவிட்டவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். இதற்கு முன்கூட்டியே ஒரு மருந்து உண்டு: மறுநுழைவு அனுமதி. ஐ-131 என்ற படிவம். கிடைத்தால் இரண்டு ஆண்டு செல்லும். இதில் ஒரு சிக்கல்: விண்ணப்பிக்கும்போது ஆள் அமெரிக்க மண்ணில் இருக்க வேண்டும். இந்தியாவில் வந்து இறங்கிய பிறகு நினைவுக்கு வந்தால் பயனில்லை.

கிரீன் கார்டு இருந்தால் மருத்துவச் செலவை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்பது இன்னொரு நம்பிக்கை. 65 வயதானவர்களுக்கான மெடிகேர் திட்டத்தில், அங்கே வேலை பார்க்காத ஒருவர் சேர வேண்டுமானால், விண்ணப்பத்துக்கு முந்தைய 5 ஆண்டு தொடர்ச்சியாக அமெரிக்காவில் நிரந்தரவாசியாக வசித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் மாதச் சந்தா கட்டித்தான் சேரலாம். மருத்துவமனைப் பகுதி இலவசமாகக் கிடைக்க 40 காலாண்டு, அதாவது ஏறத்தாழ 10 ஆண்டு, வரி கட்டி உழைத்திருக்க வேண்டும். கணவரின் உழைப்பு மனைவிக்கும் மனைவியின் உழைப்பு கணவருக்கும் கணக்கில் சேரும். மகன் இருபது வருஷம் கட்டிய வரி பெற்றோருக்குச் சேராது. ஆனால் கிரீன் கார்டுக்காரருக்கு வேறொரு வழி இருக்கிறது. ஒபாமா காலத்துச் சட்டத்தின் கீழ் வரும் காப்பீட்டுச் சந்தையில் அவர் பாலிசி வாங்கலாம். அங்கே சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று எந்தப் பழைய நோயைக் காட்டியும் மறுக்க முடியாது. 2014 முதல் அது தடை. பி-2 விசாவில் வந்த பெற்றோருக்கோ அந்தக் கதவு திறக்காது.

அவர்களுக்குத் தனியார் பயணிக் காப்பீடுதான். இந்த இடத்தில்தான் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கங்கள் இருக்கின்றன. அமெரிக்கா சுற்றுலா விசாவுக்குக் காப்பீடு கேட்பதே இல்லை. உலகிலேயே மருத்துவம் மிக விலை கூடிய நாடு, காப்பீடு இருக்கிறதா என்று வாசலில் விசாரிப்பதில்லை. இன்னொரு பக்கம், 1986-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அவசரப் பிரிவுக்கு வரும் எவரையும், பணம் இருக்கிறதா, எந்த நாட்டுக்காரர் என்று பார்க்காமல் பரிசோதித்து ஆபத்திலிருந்து நிலைப்படுத்தச் சொல்கிறது. மெடிகேர் பணம் வாங்கும் மருத்துவமனைகள் எல்லாம் இதற்குக் கட்டுப்பட்டவை. மருத்துவம் நிச்சயம் கிடைக்கும். பில்லும் நிச்சயம் வரும்.

பயணிக் காப்பீடு இரண்டு இனம். ஒன்று, பட்டியல் போட்டு இன்னதற்கு இவ்வளவு டாலர் என்று நிர்ணயித்துக் கொடுப்பது. அறை வாடகை ஒரு நாளைக்கு இத்தனை, டாக்டரைப் பார்த்தால் இத்தனை. மீதி நம் பொறுப்பு. சந்தா குறைவு, அதனால் ஆசை காட்டும். இன்னொன்று விரிவானது. அதில் மூன்று கணக்கு அடுத்தடுத்து வரும். முதலில் நாம் கட்ட வேண்டிய விலக்குத் தொகை. பாலிசியில் டிடக்டிபிள் என்று இருக்கும். அதற்கு மேல் முதல் 5,000 டாலர் வரை 80-க்கு 20 என்று பங்கு. அதற்கும் மேல் உச்சவரம்பு வரை முழுவதும் நிறுவனம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பில் 20,000 டாலர், விலக்குத் தொகை 500 டாலர். முதலில் அந்த 500. அடுத்த 5,000-இல் ஐந்தில் ஒரு பங்கு 1,000. நம் கையை விட்டுப் போவது 1,500 டாலர், நிறுவனம் கட்டுவது 18,500. பட்டியல் வகையில் இதே பில்லுக்கு நம் பங்கு பல மடங்காகிவிடலாம்.

இரண்டு இனத்துக்கும் பொதுவான பள்ளம், பழைய நோய். சர்க்கரையோ இதய நோயோ ஏற்கெனவே இருந்தால் அதற்கான செலவு கிடையாது என்பது பொதுவிதி. ஆனால் பல பாலிசிகளில், பழைய நோய் "திடீரெனத் தீவிரமாகி வெடித்தால்" மட்டும் ஒரு வரம்பு வரை தருவதாக ஒரு பிரிவு இருக்கும். அறிகுறி முன்னறிவிப்பின்றி வந்திருக்க வேண்டும். குறிப்பிட்ட நேரத்துக்குள், பெரும்பாலும் 24 மணிக்குள், சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டும். இங்கே நம் பெரியவர்களின் குணமே எதிரியாகிறது. நெஞ்சு லேசாக வலித்தால் "வாயுத் தொல்லையா இருக்கும், பையனுக்கு ஆபீஸ் இருக்கு" என்று இரண்டு நாள் சொல்லாமல் இருப்பார்கள். மூன்றாம் நாள் மருத்துவமனையில் டாக்டர் கேட்கும்போது "ரெண்டு நாளாவே இருந்துச்சு" என்று உண்மையைச் சொல்வார்கள். அந்த ஒரு வரி பதிவேட்டில் ஏறிவிட்டால், அது திடீர் நோயல்ல என்று வாதாட நிறுவனத்துக்கு அதுவே போதும்.

கனடாவின் ஏற்பாடு வேறு மாதிரி. 2011 டிசம்பரில் அந்த நாடு பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் என்றே சூப்பர் விசா என்ற ஒன்றை உருவாக்கியது. விசா 10 ஆண்டு வரை. ஒவ்வொரு முறை நுழையும்போதும் முதலில் இரண்டு ஆண்டு தங்கலாம் என்று இருந்ததை 2022 ஜூலையில் ஐந்தாண்டாக உயர்த்தினார்கள். பதிலுக்குக் கனடா கேட்பது: குறைந்தது ஓராண்டுக்கு, ஒரு லட்சம் கனடிய டாலர் மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு. நம் பணத்தில் 60 லட்சத்துக்கு மேல். சிகிச்சை, மருத்துவமனை வாசம், தேவைப்பட்டால் சொந்த ஊருக்கு அனுப்பிவைக்கும் செலவு எல்லாம் அதில் அடங்க வேண்டும். விலைப்புள்ளி மட்டும் காட்டினால் போதாது. பணம் கட்டியதற்கான அத்தாட்சி வேண்டும். ஒவ்வொரு நுழைவின்போதும் அந்தக் காப்பீடு உயிரோடு இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. தங்க அனுமதி ஐந்தாண்டு, காப்பீடு ஓராண்டு என்பதைக் கவனியுங்கள். இடையில் ஊருக்கு வந்துவிட்டு இரண்டாவது தடவை போகிறவர்கள் சிக்குவது இங்கேதான். விசா பளபளவென்று இருக்கும். பாலிசி போன வருஷமே முடிந்திருக்கும்.

கனடியக் காப்பீட்டில் பழைய நோய்க்கு ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். நிலைத்த காலம் என்று அதைச் சொல்லலாம். பாலிசி தொடங்குவதற்கு முன் குறிப்பிட்ட நாட்களுக்கு, 90 அல்லது 180 என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த நோயில் எந்த மாற்றமும் இல்லாமல் இருந்தால் அதற்கும் பணம் தரும் திட்டங்கள் உண்டு. எந்த மாற்றமும் என்றால், நல்ல மாற்றமும்தான். கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பு டாக்டர் நம் 71 வயதுக்காரரைச் சோதித்துவிட்டு, "பிரஷர் ரொம்ப நல்லா இருக்கு, மாத்திரையைப் பாதியாக்கிடலாம்" என்கிறார். வீடே மகிழ்கிறது. பல பாலிசிகளின் சொல்லகராதியில் அந்த நிமிஷமே அவரது ரத்த அழுத்தம் நிலையற்றதாகிவிட்டது. மாத்திரையைக் கூட்டினாலும் மாற்றம், குறைத்தாலும் மாற்றம், புதிதாக ஒரு பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தாலும் மாற்றம். டாக்டர் சொன்னதைக் கேட்காமல் இருக்க முடியாது. ஆனால் பயணத்துக்கு முந்தைய முழு உடல் பரிசோதனையை ஆறேழு மாதம் முன்னதாகவே முடித்துவிட்டால் இந்தச் சங்கடம் வராது.

ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் காப்பீட்டுக்குக் கேட்பது குறைந்தது 30,000 யூரோ. 2004-லிருந்து நடப்பில் இருக்கும் விதி. பல முறை போய்வரும் விசா வாங்குகிறவர், முதல் பயணத்துக்கான பாலிசியை மட்டும் தூதரகத்தில் காட்டினால் போதும். அடுத்தடுத்த பயணங்களுக்கும் காப்பீடு எடுக்க வேண்டும் என்று தெரியும் என ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். இந்தியர்களுக்கு 2024 ஏப்ரலில் இன்னொரு சலுகை வந்தது. மூன்றாண்டுக்குள் இரண்டு விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால் அடுத்தது இரண்டாண்டு விசா, அதற்கும் அடுத்தது ஐந்தாண்டு. ஆக, பெரும்பாலான மறுபயணங்களில் காப்பீட்டை நினைவுபடுத்த யாருமே இருக்கமாட்டார்கள். எல்லையில் அதிகாரி கேட்டால் உண்டு.

ஆனால் ஷெங்கனின் அசல் விந்தை அதன் நாள் எண்ணும் முறை. எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. கேட்க எளிது. "எந்த" என்ற சொல்லில்தான் சூட்சுமம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பூஜ்யமாகும் கணக்கல்ல இது. தினமும் ஒரு நாள் நகரும் சட்டகம். நம் தம்பதி மார்ச் 1-இல் ஜெர்மனியில் இறங்கி மே 29-இல் கிளம்பினால் சரியாக 90 நாள். இறங்கிய நாளும் கிளம்பிய நாளும் சேர்த்தி. மறுபடி எப்போது நுழையலாம்? ஆகஸ்ட் 27 வரை முடியாது. அன்றைக்கு நின்று பின்னோக்கி 180 நாள் எண்ணினால் மார்ச் 1 இன்னும் சட்டகத்துக்குள் இருக்கிறது. ஆகஸ்ட் 28-இல் மார்ச் 1 வெளியே விழுகிறது, ஒரு நாள் கையில் கிடைக்கிறது. ஒரே நாள்தானே என்று தயங்க வேண்டாம். மறுநாள் மார்ச் 2 விழும், அதற்கடுத்த நாள் மார்ச் 3. ஒவ்வொரு விடியலிலும் பழைய நாளொன்று கழிந்து புதிய நாளொன்று கூடுகிறது. அப்படியே நவம்பர் 25 வரை இன்னொரு 90 நாள் தொடர்ந்து இருக்கலாம். இதை முன்பு அதிகாரிகள் முத்திரைகளைப் புரட்டிப் பார்த்து எண்ணினார்கள். 2025 அக்டோபர் 12 முதல் முகப்படமும் விரல் ரேகையும் வைத்துக் கணினி எண்ணத் தொடங்கியது. முத்திரை மங்கலாக விழுந்ததால் தப்பித்த காலம் முடிந்தது.

பிரிட்டனில் விசாவும் மருத்துவ பில்லும் ஒன்றையொன்று நேரடியாகத் தொட்டுவிடுகின்றன. பார்வையாளர் விசா பத்தாண்டுக்கு எடுத்தாலும் ஒரு தடவைக்கு ஆறு மாதம்தான். இங்கிலாந்தில் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பார்ப்பது எல்லாருக்கும் இலவசம். அங்கிருந்து வார்டில் சேர்த்தால், பார்வையாளருக்கு அசல் செலவில் ஒன்றரை மடங்கு பில். அதில் 500 பவுண்டோ அதற்கு மேலோ பாக்கி வைத்துவிட்டு ஊர் வந்தால், மருத்துவமனை உள்துறைக்குத் தெரிவிக்கும். அடுத்த தடவை விசாவை மறுக்க அது ஒரு காரணமாகலாம்.

எனக்குத் தெரிந்து இந்தக் கணக்குகளை மிக இறுக்கமாக முடிச்சுப் போட்ட நாடு தாய்லாந்து. 50 வயதைத் தாண்டியவர்கள் ஓய்வுகாலத்தைக் கழிக்க அங்கே ஓ-ஏ என்றொரு விசா உண்டு. முன்பு முதலாண்டில் ஒவ்வொரு முறை வெளியே போய் உள்ளே வரும்போதும் புதிதாக ஓராண்டு கிடைத்தது. விசா முடிய ஒரு வாரம் இருக்கையில் பக்கத்து நாட்டுக்கு ஒரு நடை போய்வந்தால், ஏறக்குறைய இரண்டாண்டு தங்கிவிட முடிந்தது. வெளிநாட்டு முதியவர்கள் இதை ஒரு கலையாகவே வளர்த்திருந்தார்கள். 2019 அக்டோபர் 31-இல் காப்பீட்டு விதி வந்தது. அன்றிலிருந்து அதிகாரி பாலிசியைப் பார்த்து, அது முடியும் தேதி வரைதான், அதுவும் ஓராண்டுக்கு மிகாமல், முத்திரை குத்துகிறார். பாலிசியில் மூன்று மாதம் பாக்கி என்றால் தங்குவதும் மூன்று மாதம். தொடக்கத்தில் உள்நோயாளிக்கு 4 லட்சம் பாட் என்றிருந்த காப்பீடு பிறகு 30 லட்சம் பாட் ஆனது. நாட்டுக்குள்ளேயே ஓராண்டு நீட்டிப்பு வாங்கியவர், மறுநுழைவு அனுமதி வாங்காமல் விமானம் ஏறினால் அந்த நீட்டிப்பு அத்தோடு ரத்து. ஒரு தடவைக்கு 1,000 பாட், பல தடவைக்கு 3,800 பாட் கட்டினால் அது பிழைக்கும். கடுமையாகத் தெரிந்தாலும், கனடாவைவிட இது நேர்மையான ஏற்பாடு என்றே எனக்குப் படுகிறது. காப்பீடு இல்லாமல் ஒருவர் தெரியாத்தனமாக ஊருக்குள் உலவ இங்கே வழியில்லை.

மற்ற நாடுகளில் அந்த வழி அகலமாகவே இருக்கிறது. விசா தேதியைத் தூதரகம் கவனிக்கிறது, தங்கும் தேதியை எல்லைக் கணினி கவனிக்கிறது. பாலிசி தேதியை மட்டும் யாரும் கவனிப்பதில்லை, பணம் கேட்டுப் போகும் நாள் வரை. நம் ஊரில் எடுக்கும் பயணக் காப்பீட்டில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். ஒரு பயணத்துக்கான பாலிசி, கிளம்பும் முன் இந்தியாவில் இருக்கும்போதே எடுக்க வேண்டியது. வீடு திரும்பியதும் அது முடிந்தது. தேதி பாக்கி இருக்கிறதே என்று அடுத்த பயணத்துக்கு அதையே கொண்டுபோக முடியாது. ஆண்டு முழுவதற்குமான பல பயணப் பாலிசியில் எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம். ஆனால் ஒவ்வொரு பயணத்துக்கும் 30, 45, 60 நாள் என்று ஒரு வரம்பு மறைந்திருக்கும். டல்லஸில் ஆறு மாதம் உட்காரும் பெற்றோருக்கு, இரண்டாம் மாத முடிவில் பாலிசி கையில் இருந்தும் காப்பு இல்லை.

மறுநுழைவின் கடைசி வகை, வெளிநாட்டவராகி இந்தியாவுக்குள் நுழைவது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய மௌலா அலிக்காரர் சட்டப்படி சொந்த வீட்டுக்கே விசாவோடுதான் வர வேண்டும். அதற்கு வாழ்நாள் விசாவாக வந்த ஓ.சி.ஐ. அட்டை முறைப்படி வழங்கப்பட்டது ஐதராபாத்தில்தான். 2006 ஜனவரியில் இங்கே நடந்த பிரவாசி பாரதிய திவஸ் விழாவில் பிரதமர் மன்மோகன் சிங் முதல் அட்டைகளைக் கொடுத்தார். 50 வயதுக்கு மேல் பாஸ்போர்ட் புதுப்பித்தால் அட்டையையும் ஒரு தடவை மாற்ற வேண்டும் என்ற தொல்லை 2021-இல் நீங்கியது. இப்போது புதிய பாஸ்போர்ட்டையும் படத்தையும் இணையத்தில் ஏற்றினால் சரி. இந்தியக் காப்பீட்டிலும் ஒரு திறப்பு. 65 வயதுக்கு மேல் புதிய பாலிசி கிடையாது என்று சொல்ல நிறுவனங்களுக்கு இருந்த சாக்கை, ஒழுங்காணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-இல் எடுத்துவிட்டது. பழைய நோய்க்கான காத்திருப்பும் அதிகபட்சம் 48 மாதத்திலிருந்து 36 மாதமாகக் குறைந்தது. ஊர் திரும்பும் திட்டம் இருப்பவர்கள் அந்த 36 மாதத்தை அங்கே இருக்கும்போதே ஓடவிட்டால் நல்லது. ஏனென்றால் மெடிகேர் சில அபூர்வ விலக்குகள் தவிர அமெரிக்காவுக்கு வெளியே செல்லாது.

குடியுரிமை மாறாமல் திரும்பும் நம் லோகோ பைலட்டுக்கு லாலாகுடா ரயில்வே மத்திய மருத்துவமனை இருக்கிறது. ஓய்வின்போது ஒருமுறை கட்டிய தொகைக்கு வாழ்நாள் முழுவதும் சிகிச்சை. விசா அதிகாரியும் விலக்குத் தொகையும் குறுக்கே வராத இடம். ரயில்வேயில் இல்லாத பக்கத்து வீட்டுக்காரருக்கு 70 வயதாகியிருந்தால், 2024 அக்டோபர் முதல் ஆயுஷ்மான் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் காப்பு. வருமானம் பார்ப்பதில்லை, ஆதார் போதும்.

இத்தனை தேதிகளையும் நினைவில் வைத்திருப்பவர்கள் கோட்டைவிடுவது நவம்பரை. பென்ஷன் வாங்குபவர் எந்த நாட்டில் இருந்தாலும், நவம்பருக்குள் உயிர்வாழ்வுச் சான்று கொடுக்க வேண்டும். டல்லஸிலோ டொரன்டோவிலோ இருந்தால் இந்தியத் தூதரகங்கள் அதைக் கையெழுத்திட்டுத் தருகின்றன. ஊரில் இருந்தால் 2014-இல் வந்த ஜீவன் பிரமாண் இருக்கிறது. ரேகை தேய்ந்த கைகளுக்காகவே போல, 2021-லிருந்து செல்போன் கேமராவில் முகம் காட்டினாலே போதும். 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபர் 1-லிருந்தே கொடுக்கலாம்.